மகளுக்குச் சமூகப் பணிப் பட்டப்படிப்பு: எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

பிறை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கு பெருநிலத்தில், பிறையில் வசிக்கிறோம். நானும் கணவரும் தொழிற்சாலை ஊழியர்கள். எங்கள் மூத்த மகள் ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்து, முடிவும் கைக்கு வந்துவிட்டது. நல்ல தேர்ச்சிதான். ஆசிரியர்களும் உறவினர்களும் கணக்கியல் படி, சட்டம் படி என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மக்களுக்கு உதவும் துறையில்தான் பட்டம் பெறுவேன் என்று உறுதியாக நிற்கிறாள்.

இந்த எண்ணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். என் மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு செய்யவேண்டி வந்தபோது, பள்ளி விடுமுறை நாள்களில் அவள்தான் பாட்டியுடன் மருத்துவமனைக்குப் போவாள். ஒரு நாள் சமூகப் பணியாளரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் கையிலிருந்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு மலாய் வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளின் வருமானத்தைக் கேட்கும் கட்டம் எது என்பது மட்டும் யாரோ சொல்லித் தெரியும். மகனுடைய சம்பளத்தை எழுதினால் உதவி கிடைக்காதோ என்று பயந்து, அந்தக் கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மூடியபடியே உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த மகன் வீட்டுக்கு வந்தே இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதை அவர் முதலில் என் மகளிடம்தான் சொன்னார். மகள் அவருடன் உள்ளே சென்று மொழிபெயர்த்தபோது, அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாராம். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் வேறு எதையும் பேசவில்லை.

இப்போது எங்கள் குழப்பத்திற்கு வருகிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் 'கெர்ஜா சோசியல்', அதாவது சமூகப் பணி, என்று படிப்பு இருக்கிறது. கல்விக் கண்காட்சியில் கோலாலம்பூர்த் தனியார் கல்லூரி ஒன்று 'மனித சேவைகள்' என்ற பெயரில் ஒரு பட்டப்படிப்பைப் பற்றிச் சொன்னது. என் கணவரின் அண்ணனோ, இங்கே இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு மீதியை அமெரிக்காவில் முடிக்கும் மாற்றுத் திட்டத்தில் அதே படிப்பை எடுக்கலாம் என்கிறார். இவையெல்லாம் ஒன்றுதானா? எங்கே சேர்த்தால் அவளுக்கு நாளை வேலையும் மரியாதையும் கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கெலுகோர் முதியவர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவமனைச் சமூகப் பணியாளனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உங்கள் மகள் பார்த்த அந்த அறையைப் போன்ற ஒன்றில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'மனித சேவைகள்' என்பது அமெரிக்காவில் வளர்ந்த பெயர். 1963இல் அங்கே சமூக மனநல மையங்களுக்கான சட்டம் வந்து, பெரிய மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளை ஊருக்குள் கொண்டுவந்து பராமரிக்கத் தொடங்கியபோது, அந்த மையங்களுக்குப் பல வகைப் பணியாளர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையிலிருந்து விரிந்த படிப்பு அது. உளவியல், சமூகவியல், நிர்வாகம், நேர்காணல் திறன் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சமூகப் பணி அப்படியன்று. அதற்கென்று தனியான முறைகளும் நெறிமுறைகளும் கண்காணிப்புடன் கூடிய களப்பயிற்சியும் உண்டு. அமெரிக்காவிலேயே இந்த இரண்டும் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. அங்கே சமூகப் பணியாளராக உரிமம் பெற வேண்டுமானால், சமூகப் பணிக் கல்விக்கான மன்றம் அங்கீகரித்த படிப்பில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். மனித சேவைப் பட்டத்தை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே உங்கள் மைத்துனர் சொல்லும் வழியில் செல்வதானால், எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்ப்பதற்கு முன்னால், பட்டத்தில் என்ன பெயர் அச்சாகும் என்பதைக் கேளுங்கள்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு முதலில் தொடங்கியது உங்கள் வீட்டுக்கு எதிர்க்கரையில்தான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டனில் 1975ஆம் ஆண்டிலேயே இதை ஆரம்பித்துவிட்டது. இன்றும் அங்கே சமூகப் பணியில் இளங்கலைப் பட்டம் இருக்கிறது. பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும், சரவாக், சபா பல்கலைக்கழகங்களிலும், திரெங்கானுவிலுள்ள சுல்தான் சைனால் அபிடின் பல்கலைக்கழகத்திலும் உண்டு. சிந்தோக்கிலுள்ள உத்தாரா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி நிர்வாகம் என்ற பெயரில் இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக நிர்வாகம், சமூக நீதி என்ற துறையாகவும், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாடு என்ற படிப்பாகவும் இருப்பவை இதற்கு அண்டை வீடுகள். மலாயாவின் துறை கொள்கை, நீதித்துறை பக்கம் சாயும். புத்ராவின் படிப்பு குடும்பம், குழந்தை வளர்ச்சி பக்கம் சாயும். குறைந்த படிப்புகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மருத்துவமனை அறையில் உட்கார்ந்து படிவத்திற்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்பவராக உங்கள் மகள் வர விரும்பினால், சமூகப் பணி என்றே பெயர் உள்ள பட்டத்தை முதலில் வைப்பது நல்லது.

என்னிடம் ஒரே ஓர் அளவுகோலைச் சொல்லச் சொன்னால், களப்பயிற்சி என்பேன். எத்தனை வாரம், எந்த இடத்தில், யார் கண்காணிப்பில் என்ற மூன்றும் தெரிந்தால் அந்தத் துறையின் தரம் முக்கால்வாசி தெரிந்துவிடும். நான் பயிற்சி மாணவனாக இருந்தபோது ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, 'வீடு சுத்தமாக இல்லை, குடும்பத்தார் அக்கறையற்றவர்கள்' என்று அறிக்கை எழுதினேன். என் கண்காணிப்பாளர் அதை வாசித்துவிட்டு, "அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. மறுநாள் திரும்பிப் போனபோதுதான், பத்து வீடுகளுக்குப் பொதுவாக வரிசையின் கோடியில் ஒரே குழாய் இருந்ததும், மூட்டுவலியுள்ள மனைவி இரண்டு வாளித் தண்ணீருக்கு மேல் தூக்க முடியாததும் தெரிந்தன. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இல்லாத இடத்தில் நான் படித்திருந்தால், அந்த அறிக்கை அப்படியே கோப்பில் ஏறியிருக்கும்.

செந்தூல் இளைஞன் எழுதியது:

வணக்கம் அம்மா. ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் அனுபவித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு அது நேரக்கூடாது.

நான் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவுடன் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சமூக சேவை சார்ந்த டிப்ளோமா படிப்பில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. விளம்பரத் தாளில் 'அங்கீகாரம் பெற்றது' என்று அச்சிட்டிருந்தார்கள். தற்காலிக அங்கீகாரம் ஒன்று, முழு அங்கீகாரம் வேறொன்று என்பது எனக்கும் தெரியாது, லாரி ஓட்டும் என் அப்பாவுக்கும் தெரியாது. முதல் அணி மாணவர்கள் இறுதிக் கட்டத்திற்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்திற்கான மதிப்பீடு நடக்கும். எங்கள் படிப்புக்கு அது வருவதற்குள் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று சொல்லிப் படிப்பையே நிறுத்தி, எங்களை வணிக நிர்வாகத்திற்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றரை ஆண்டு போயிற்று. அப்பா அன்று என்னைத் திட்டவில்லை. கட்டணம் கட்டிய ரசீதுகளை மட்டும் ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார்.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் இணையத்தளத்தில் தகுதிப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயரைத் தேடினால் போதாது. படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும், எந்த வளாகத்தில் நடத்த அனுமதி என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரி தரும் தாளில் அங்கீகார எண் இருக்கும். அந்த எண்ணில் 'பி.ஏ.' என்று இருந்தால் தற்காலிகம், 'எஃப்.ஏ.' என்று இருந்தால் முழு அங்கீகாரம். தற்காலிகமாக இருப்பது குற்றமில்லை, புதிய படிப்புகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். ஆனால் அந்த அபாயத்தை நாம் தெரிந்தே ஏற்கிறோமா என்பதுதான் கேள்வி. அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் படிப்புக்குக் கடன் உண்டா என்பதையும் கல்லூரியிடம் கேட்காமல் பி.டி.பி.டி.என். அலுவலகத்திலேயே கேளுங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம்தான் என்றாலும், முடிக்காத படிப்புக்கும் கடன் கடன்தான்.

நான் பிறகு வேலை பார்த்துக்கொண்டே ஆறாம் படிவத்தைத் தனியாக எழுதி, இப்போது அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகப் பணி இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன்.

பிறை வாசகி எழுதியது:

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. தம்பி, உங்கள் அப்பாவின் அந்த உறையைப் படித்தபோது என் மனம் கனத்துவிட்டது. நீங்கள் மறுபடியும் எழுந்து வந்ததற்கு வாழ்த்துகள்.

நேற்றிரவு மகளுடன் உட்கார்ந்து அந்தப் பதிவேட்டைப் பார்த்தோம். கண்காட்சியில் சொன்ன படிப்பு தற்காலிகம் என்றே இருக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஆலோசகர் படிப்பும் சமூகப் பணியும் வேறு வேறா? அவளுடைய ஆசிரியை ஆலோசகர் படிப்புக்குத்தான் வேலை நிச்சயம் என்கிறார். மற்றொன்று, களப்பயிற்சிக்குப் பெண்பிள்ளைகளை எங்கெங்கோ அனுப்புவார்கள், இரவில் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும் என்று என் கணவர் கவலைப்படுகிறார். அவர் கவலையை நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை.

பதிவுபெற்ற ஆலோசகர் எழுதியது:

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். இரண்டும் வேறு. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும் இல்லாமல் யாரும் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய முடியாது. அதற்கு வாரியம் ஏற்கும் ஆலோசகர் பட்டமே வேண்டும். சமூகப் பணிப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஆலோசகராகப் பதிய முடியாது. சமூகப் பணியாளர்களுக்கென இதுபோன்ற ஒரு சட்டம் வேண்டும் என்று 2010இல் அமைச்சரவை இசைவு தெரிவித்த பின்பும் மசோதா நெடுங்காலம் காத்திருந்தது. ஆசிரியை வேலை நிச்சயம் என்று சொன்னது இந்தச் சட்டப் பாதுகாப்பை மனத்தில் வைத்துத்தான் இருக்கும். அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால் உங்கள் மகள் பார்த்துப் பரவசப்பட்ட வேலை என்னுடையது அல்ல. நான் ஒருவரை அறைக்குள் உட்காரவைத்து அவர் மனத்தோடு வேலை செய்கிறேன். சமூகப் பணியாளர் அந்த மனத்தைச் சுற்றியுள்ள வீடு, வாடகை, மருந்துச் செலவு, போலீஸ் புகார், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றோடும் வேலை செய்கிறார். எது தன் இயல்பு என்பதை அவளே சொல்லட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா எழுதியது:

சகோதரி, நான் கோலாலம்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுதோறும் பல கல்லூரிகளிலிருந்து எங்களிடம் பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். எனவே களப்பயிற்சியைப் பற்றி மறுபக்கத்திலிருந்து சொல்ல முடியும்.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. அதைத் துறையிடமே நேராகக் கேளுங்கள். பொறுப்புள்ள துறை முதன்முதல் வீட்டுப் பார்வைக்கு மாணவியைத் தனியாக அனுப்பாது. எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்பது எழுத்தில் இருக்கும். ஆபத்தான வழக்குகளில் அனுபவமுள்ள பணியாளர்தான் முன்னால் நிற்பார். சில கல்லூரிகள் மாணவர்களை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் பன்னிரண்டு வாரமும் தொலைபேசியில்கூட அழைப்பதில்லை. கடைசி வாரம் மதிப்பெண் படிவம் மட்டும் மின்னஞ்சலில் வந்து சேரும். வேறு சில துறைகளின் விரிவுரையாளர்களோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து, மாணவி எழுதிய குறிப்பேட்டை எங்களோடு உட்கார்ந்து வாசிப்பார்கள். இந்த இரண்டு வகை மாணவர்களும் முதல் நாள் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். ஆறாவது வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

போன ஆண்டு வந்த ஒரு மாணவியைச் சொல்கிறேன். கணவனிடம் அடிபட்டு வந்த ஒரு பெண், போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அந்த மாணவி 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். இடைக்காலப் பாதுகாப்பு ஆணை, அதை எப்படிப் பெறுவது என்று மளமளவென்று விளக்கினாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சேலை முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். மாலையில் மாணவியின் விரிவுரையாளர் வந்தபோது அவளிடம், "அவர் பேசுவதற்கு நீ எத்தனை நிமிடம் விட்டாய்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவள் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தப் பெண்ணோடு சேர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கணவனைப் பிடித்துக்கொண்டு போனால் பள்ளிப் பேருந்துக்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதுதான் அவருடைய பயம். அதற்கு வழி செய்த பிறகு அவரே புகார் கொடுக்கச் சென்றார்.

இன்னொன்றும் கேளுங்கள். துறையில் கற்பிப்பவர்களில் எத்தனை பேர் களத்தில் வேலை பார்த்தவர்கள்? 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தைப் புத்தகத்திலிருந்து நடத்துவது வேறு. அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு குழந்தையை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த இரவைப் பற்றிப் பேசக்கூடியவர் நடத்துவது வேறு. வேலையைப் பொறுத்தவரை, 1946இல் தொடங்கிய சமூக நல இலாகா, அரசாங்க மருத்துவமனைகள், எங்களைப் போன்ற அமைப்புகள் எல்லாவற்றிலும் ஆள் தேவை இருக்கிறது. அரசாங்கப் பதவிக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் மூலம்தான் போக வேண்டும். அதற்கு முழு அங்கீகாரம் கட்டாயம் தேவை. அமைப்புகளில் சம்பளம் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை.

தமிழைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் காப்பகத்திற்கு வரும் தமிழ்ப் பெண்கள், மலாயில் நன்றாகப் பேசக்கூடியவர்கள்கூட, அடிபட்ட கதையைத் தமிழில்தான் சொல்கிறார்கள். அதைத் தமிழில் கேட்டு, மலாயில் அறிக்கை எழுதி, ஆங்கிலத்தில் நிதி கேட்டுக் கடிதம் எழுதக்கூடிய ஒரு பணியாளர் கிடைப்பது எங்களுக்கு மிகவும் அரிது. உங்கள் மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தது இதே வேலைதான்.

கெலுகோர் முதியவர் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஒரு சிறு சேர்ப்பு. இந்தியாவில் படிக்க வைக்கலாமா என்று சிலர் எனக்குத் தனியே எழுதிக் கேட்டார்கள். மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் கழகமும், சென்னையில் 1952இல் தொடங்கிய சமூகப் பணிப் பள்ளியும் நல்ல பெயர் உள்ள இடங்கள். ஆனால் முதல் பட்டத்தை நம் நாட்டிலேயே முடிப்பது நல்லது என்பேன். இங்குள்ள சட்டம், இலாகா, மருத்துவமனை நடைமுறை ஆகியவற்றில்தான் அவள் களப்பயிற்சி பெற வேண்டும். முதுகலைக்கு வெளியே போகலாம்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் தெரிவு வரிசை முக்கியம். மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் போகிறது. பள்ளியில் அவள் வைத்திருந்த பொறுப்புகளின் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வையுங்கள். நேர்காணல் உள்ள படிப்புகளுக்குப் பட்டியலில் குறியீடு இருக்கும். நேர்காணலில் 'மக்களுக்குச் சேவை செய்ய ஆசை' என்று தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லட்டும்.

பிறை வாசகி எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. என் கணவரும் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். மிண்டனை முதலாவதாகவும், பாங்கியை இரண்டாவதாகவும், சிந்தோக்கை மூன்றாவதாகவும் வைக்க முடிவு செய்திருக்கிறோம். தனியார் படிப்பை இப்போதைக்கு விட்டுவிட்டோம். அமெரிக்கத் திட்டத்தைப் பற்றி மைத்துனரிடம் ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மகள் ஒரு தாளில் துறையிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதியிருக்கிறாள். களப்பயிற்சி எத்தனை வாரம், கண்காணிப்பாளர் எத்தனை முறை வருவார், வீட்டுப் பார்வைக்கு எத்தனை பேர் சேர்ந்து போவார்கள் என்று மூன்று. கடைசிக் கேள்வியை அவள் அப்பாதான் எழுதச் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்பு. மூவரும் படகில் ஜார்ஜ்டவுனுக்குப் போய், அங்கிருந்து பேருந்தில் மிண்டனுக்குச் சென்று துறை அலுவலகத்தில் நேரிலேயே கேட்கப் போகிறோம். ஐயா, காலையில் போவது நல்லதா, வெள்ளிக்கிழமை என்பதால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போவது நல்லதா?

கெலுகோர் முதியவர் எழுதியது:

காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். பன்னிரண்டே கால் மணிக்கு மேல் தொழுகைக்காக அலுவலகம் மூடிவிடும். முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பொது முகப்பில் கேட்டால் விளம்பரத் தாளைத்தான் கொடுப்பார்கள்.